முடித்தவை, மூடி வைத்தவை

‘தங்கலான்’ படம் 2024-இல் வந்ததிலிருந்து என்னிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “கோலார் தங்கவயலைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்.” நான் மாரிகுப்பத்துக்காரன், கையில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும், ஆகவே உடனே பதில் சொல்லிவிடுவேன் என்று கேட்பவர்கள் நினைக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், முடித்த புத்தகங்களைவிட பாதியில் மூடியவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஏன் மூடினேன் என்று சொன்னால்தான் நான் எதைத் தேடுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும். இரண்டையும் கலந்தே சொல்கிறேன்.

நான் படிப்பது பெரும்பாலும் ரயிலில். எங்கள் ஊரோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பங்காரப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களை ஒட்டியே வந்து மாரிகுப்பத்தில் நிற்கும். ஒரு காலத்தில் சுரங்கத்துக்கு ஆளும் தளவாடமும் கொண்டுவந்த பாதை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, அதே பாதை எங்களை விடியற்காலையில் பெங்களூருக்குக் கொண்டுபோய் இரவில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு. உட்கார இடம் கிடைத்தால் படிப்பேன், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே படிப்பேன். தூக்கத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவே எது ஜெயிக்கிறது என்பது அந்த நெரிசலில் தெரிந்துபோகும். தூக்கத்தை விரட்ட முடியாத புத்தகத்தை நான் கட்டாயப்படுத்திப் படிப்பதில்லை. சம்பளத்தில் வாங்கியது, பாதியில் விடலாமா என்று ஒரு காலத்தில் மனசு அடித்துக்கொள்ளும். இப்போது இல்லை. வாசகனுக்கு நேரம்தான் முதல், பணம் அப்புறம்.

முதலில் ‘ரசவாதி’. பாவ்லோ கொய்லோவின் ‘தி அல்கெமிஸ்ட்’ தமிழில். ரயிலில் இதைப் படிக்காத இளைஞர்களைப் பார்ப்பதே அரிது. என் தங்கை மகனும் படித்துவிட்டு, “மாமா, இதப் படிங்க, லைஃபே மாறிடும்” என்று கொண்டுவந்து கொடுத்தான். அவன் பிரியத்துக்காகப் பாதி வரை போனேன். ஒருவன் உண்மையாக ஆசைப்பட்டால் உலகமே கூடி அவனுக்கு உதவும் என்ற நம்பிக்கைதான் புத்தகத்தின் உயிர். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. எங்கள் லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஆசைப்படாதவர்கள் யார்? நூற்றிருபது வருஷத்தில் இந்த மண்ணிலிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசிக் காலத்தில் நான்கைந்து கிராம்கூடக் கஷ்டம். அந்தச் சில கிராமுக்காக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்கள் என் தாத்தாவும் அப்பாவும். அவர்கள் ஆசையில் என்ன குறை? தங்கத்தையும் விதியையும் ஒரே மூச்சில் பேசும் புத்தகத்தை, தங்கத்தைத் தோண்டி எடுத்தவர்களின் பேரன் முழுசாகப் படிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. மருமகனுக்கு அது தைரியம் கொடுத்திருந்தால் சந்தோஷம். எனக்கு வேறு புத்தகம் வேண்டும்.

‘வெண்முரசு’. இதை விட்டதைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 வரை, தினம் ஓர் அத்தியாயமாக, 26 நாவல்களில் மகாபாரதத்தைத் திருப்பி எழுதி முடித்தார். தமிழில் ஒரு மனிதர் செய்த உழைப்பு இது என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. ‘முதற்கன’லில் அம்பை வரும் பகுதியைப் படித்துவிட்டு இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கிறேன். ‘வண்ணக்கட’லில் ஏகலவ்யன் பகுதியும் அப்படித்தான். ‘நீல’த்தில் நின்றுவிட்டேன். அது கதையாக நகராமல் பாட்டாகவே போகிறது. ராதையின் பித்தை அந்த மொழியில்தான் சொல்ல முடியும் என்பவர்கள் இருக்கலாம். எனக்கு ஒரு பக்கத்துக்கு மேல் மூச்சு முட்டியது. தாண்டி ‘பிரயாகை’க்குப் போ என்கிறார்கள். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்துப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் மொத்தமும் நின்றது.

பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’யும் பாதியில் நிற்கிறது. ஓசூர்க்காரர், எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. திப்பு காலத்துக் கதை, எங்கள் பீடபூமியின் கதை, அதனால் எனக்குத் தனி ஆசை. ஆனால் அவருடைய வாக்கியம் ஒன்று பங்காரப்பேட்டையில் ஏறினால் மாலூரில்தான் இறங்குகிறது. நடுவில் யாராவது தோளில் இடித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தப் புத்தகத்தின் மீது எனக்குக் கோபம் கிடையாது. மேஜை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படிக்க எடுத்து வைத்திருக்கிறேன்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ வேறு ஜாதி. ஜிப்மர் தீக்காய வார்டில் மகள் கிடக்க, வெளியே காத்துக் கிடக்கும் அப்பா அம்மாவின் நாட்கள். பேச்சு, பேச்சு, பேச்சு. முழு நாவலையும் பேச்சிலேயே நடத்துகிறார், ஒரு வரி பொய்யாக இல்லை. அதை இரண்டு முறை மூடினேன். எழுத்து சரியில்லாமல் மூடியதில்லை, தாங்க முடியாமல் மூடியது. மூன்றாம் முறை எடுத்து முடித்தேன். 2020-க்கான சாகித்ய அகாதெமி அதற்குக் கிடைத்தபோது, விருது ஒழுங்கான வீட்டுக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, சுரங்கத்துக்கு வருகிறேன்.

தங்கவயலைப் பற்றி ஆங்கிலத்தில் நினைவுக் குறிப்புகள் சில இருக்கின்றன. ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று இந்த ஊரைச் சொல்வார்கள் அல்லவா, அந்த இங்கிலாந்தைப் பற்றியவை. கிளப், கோல்ஃப் மைதானம், கிறிஸ்துமஸ் நடனம், பங்களாவுக்கு முன்னால் ரோஜாத் தோட்டம். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்ட ஊர் என்ற பெருமை எல்லாவற்றிலும் தவறாமல் வரும். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்தது அது. ஆனால் ஒரு புத்தகத்தில் நான் பக்கம் பக்கமாகத் தேடினேன்: எங்கள் லைன் எங்கே? மூங்கில் தட்டி வைத்த பத்தடி வீடுகள் எங்கே? மின்சாரம் முதலில் எங்கே போனது, தொழிலாளி வீட்டுக்கு எப்போது வந்தது? எங்கள் ஆட்கள் அதில் சமையல்காரராக, தோட்டக்காரராக, தூரத்தில் சங்கு ஊதியதும் நடந்துபோகும் கூட்டமாக வருகிறார்கள். பெயர் கிடையாது. பாதியில் மூடினேன், திரும்ப எடுக்க மாட்டேன்.

அதே ஆங்கிலத்தில் முழுசாகப் படித்தது ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’. 1998-இல் வந்த ஆராய்ச்சி நூல், மைசூர் சமஸ்தானத்தில் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களையும் பெங்களூர் மில் தொழிலாளர்களையும் பற்றியது. எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும், அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். 1930 வேலைநிறுத்தத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஏதோ சொல்வார்கள், அரைகுறையாகக் காதில் விழும். கம்பெனி கொண்டுவந்த புதிய பதிவு முறையையும் கைரேகை வைப்பதையும் எதிர்த்து, சங்கம் என்று முறையாக ஒன்று இல்லாத காலத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். தங்கத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லித் தொழிலாளியைக் கைதி மாதிரி எண்ணி, சோதித்து, அடையாளம் போட்டு வைத்த ஏற்பாட்டுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது பெரியவர்களின் அரைகுறைப் பேச்சு முழு வாக்கியமாகக் காதில் கேட்டது. தங்கவயலைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாவல் கேட்பவர்களுக்கு இது போதாது, தெரியும்.

நாவலுக்கு நான் போனது பிரான்சுக்கு. எமிலி ஜோலாவின் ‘ஜெர்மினல்’, 1885. வடக்கு பிரான்சின் நிலக்கரிச் சுரங்கம், ஒரு வேலைநிறுத்தம், அதன் தோல்வி. எழுதுவதற்கு முன் ஜோலா 1884-இல் அன்சான் பகுதிக்குப் போய், வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே தொழிலாளர்களைப் பார்த்து, சுரங்கத்துக்குள்ளும் இறங்கி வந்தார். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. வேலைநிறுத்தம் எதனால் வருகிறது என்று பாருங்கள். கம்பெனி, மேல்கூரை தாங்க மரம் முட்டுக் கொடுக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்று சொல்லிவிட்டு, நிலக்கரி வண்டிக்கான கூலியைக் குறைக்கிறது. கணக்குப் பார்த்தால் தொழிலாளிக்கு நஷ்டம். கூலியைக் கருதி அவசரமாக வெட்டினால் முட்டு சரியாக நிற்காது, முட்டை ஒழுங்காகக் கொடுத்தால் கூலி வராது. உயிரையும் வயிற்றையும் இப்படி எதிரெதிரே நிறுத்துவதுதான் சுரங்கம். இதைப் பேச்சு இல்லாமல், ஒரு கூலிக் கணக்கை வைத்தே காட்டிவிடுகிறார்.

ரயிலில் எனக்கு எதிரே அடிக்கடி உட்காரும் பெரியவர் ஒருவர், சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர், இப்போது பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டுக்குக் காவல் இருக்கிறார். “இன்னா தம்பி, ரெண்டு வாரமா அதே புக்கு?” என்றார். இந்தக் கூலிக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டவர், “எங்களுக்குக் கருங்கல்லு. கல்லை அடுக்கிச் செவுரு கட்டித்தான் மேல தாங்கணும். ஏர் பிளாஸ்ட் வந்தா அதுவும் நிக்காது” என்றார். பிறகு ரயில் பெங்களூர் போய்ச் சேரும்வரை அவர்தான் பேசினார், நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பாறை தன்மேல் ஏறிய அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஆழம் கூடக்கூட அதுவும் கூடியது. தரைக்கு மேலே லைன் வீட்டில் பாத்திரம் குலுங்கும், பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து சுரங்கச் சாஃப்ட் பக்கம் பார்ப்பார்கள். இதை என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

‘ஜெர்மினல்’ தொடக்கத்தில் ஒரு கிழவர் வருகிறார். எட்டு வயதில் சுரங்கத்தில் இறங்கி ஐம்பது வருஷம் உழைத்தவர். இருமினால் கறுப்பாகத் துப்புகிறார். எங்கள் பக்கம் துப்பினால் கறுப்பாக இருக்காது, நம்முடையது கல் தூசி. சிலிக்கோசிஸ் என்ற பெயர் இந்தியாவில் முதலில் பேசப்பட்ட இடங்களில் ஒன்று எங்கள் ஊர். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. என் தாத்தாவின் மார்பு எக்ஸ்ரே படம் ரொம்ப நாள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஜோலாவின் கிழவரைப் படித்தபோது அந்தப் படத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேற்று நாட்டுக்காரர், வேற்று நூற்றாண்டுக்காரர் எழுதியதில் என் வீடு இருந்தது. அவர் இறங்கிப் பார்த்து எழுதினார், அவ்வளவுதான் காரணம்.

தமிழில் இதற்குச் சமமாக நான் நினைப்பது ‘எரியும் பனிக்காடு’. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969-இல் ‘ரெட் டீ’ என்று எழுதியதை இரா. முருகவேள் 2007-இல் தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ இதிலிருந்து வந்தது, நாவல் படத்தைவிடப் பெரியது. டேனியல் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர், பிறகு தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். அதனால் எஸ்டேட்டில் முன்பணம் எப்படிக் கடனாகிறது, மேஸ்திரி கையில் எவ்வளவு நிற்கிறது, காய்ச்சல் வந்தால் கூலி எப்படி வெட்டப்படுகிறது என்று ஒவ்வொன்றும் துல்லியம். ஊருக்குத் திரும்பலாம் என்று வருஷக் கணக்கு முடிக்கும் நாளில், கடன் இன்னும் பாக்கி என்று சொல்வார்கள் பாருங்கள், அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் ஆனைமலைக்குப் போனது போலத்தான், வட ஆற்காட்டிலிருந்து எங்கள் முன்னோர்கள் இந்த மேட்டுக்கு ஏறி வந்தார்கள். அவர்களை மலைத் தேயிலை தின்றது. எங்களைப் பாறை.

எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் பூமணியின் ‘அஞ்ஞாடி’யும் அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’யும். ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல், கரிசல் பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை, நடுவில் சில மாதம் ஓரம் வைத்தேன். ஆண்டியும் மாரியும் சிநேகிதர்களாகத் திரியும் பகுதியை நினைத்துத் திரும்ப எடுத்தேன். பஞ்சம் பற்றிய பக்கங்களுக்காக அதை எல்லோரும் படிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை, சுரங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது 1880-இல். இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எங்கள் ஊர் எப்படி நிரம்பியது என்று விளங்கும். ‘தகப்பன் கொடி’யின் பேரணாம்பட்டுப் பேச்சோ எங்கள் வீட்டுப் பேச்சு. படிக்கும்போது என் பாட்டி பேசுவது போலவே இருந்தது. நிலம் கைவிட்டுப் போவதை அவ்வளவு அமைதியாகச் சொல்லிவிட்டார்.

இனி, நான் விட்டுவிட்டுத் திரும்பிய புத்தகம். அயோத்திதாசர்.

இதை மாரிகுப்பத்துக்காரன் பெருமையோடுதான் சொல்ல முடியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கத்துக்கு எங்கள் ஊரில் கிளை இருந்தது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’, அடுத்த வருஷம் ‘தமிழன்’ ஆனது. அதற்குச் சந்தா கட்டியும் நன்கொடை தந்தும் தாங்கியவர்களில் தங்கவயல்காரர்கள் முன்வரிசை. மாரிகுப்பம் எம்.ஒய். முருகேசர் பெயர் அந்த வரலாற்றில் நிற்கிறது. பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு, நின்றுபோன ‘தமிழன்’ 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு சாம்பியன் ரீஃபிலிருந்தே மறுபடி வெளிவந்தது. இங்கே இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்கப் பாறைக்குள் இருந்தவர்கள், கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ஒருவர் வாசிக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காத்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. நான் ஆர்வத்தோடு எடுத்தேன், ஐம்பது பக்கம்கூடப் போகவில்லை. நூறு வருஷத்து நடை, சந்தி பிரிக்காத நீள வரிகள், ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்லுக்கும் அவர் சொல்லும் பௌத்த விளக்கம். எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

திரும்ப வரவைத்தவர்கள் மூன்று பேர். ராஜ் கௌதமனின் ‘க. அயோத்திதாசர் ஆய்வுகள்’ முதல் படி. டி. தருமராஜின் ‘அயோத்திதாசர்: பார்ப்பனர் முதல் பறையர் வரை’ இன்னொன்று. பண்டிதர் வரலாற்றை எழுதும் முறையே வேறு, நம் அளவுகோலை அவர்மேல் வைக்கும் முன் அவருடைய முறையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பிடிவாதமாக வாதிடுகிற புத்தகம். சில இடங்களில் வாதம் நீண்டு போகிறது, ஆனாலும் கீழே வைக்கத் தோன்றவில்லை. எனக்கு மிகவும் உதவியது ஸ்டாலின் ராஜாங்கத்தின் எழுத்து. ‘அயோத்திதாசர்: வாழும் பௌத்தம்’ படித்த பிறகு மூலத்தை எடுத்தேன். இப்போது வரிசையாகப் படிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை, வீட்டில், சத்தமாக. இந்த எழுத்து கூடி உட்கார்ந்து கேட்டவர்களுக்காக எழுதப்பட்டது. கண்ணுக்கு வராதது காதுக்கு வந்தது. அயோத்திதாசரைப் பாதியில் விட்டவர்களுக்கு என் யோசனை இதுதான்: வாய்விட்டுப் படியுங்கள்.

ஆக, புத்தகம் கேட்பவர்களுக்கு என் பதில்: ஜானகி நாயர், ஜோலா, ‘எரியும் பனிக்காடு’, பிறகு ஸ்டாலின் ராஜாங்கம் வழியாக அயோத்திதாசர். நான் தேடும் நாவல் மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை. கேஜில் இறங்கும்போது காது அடைப்பதும், மூன்றாவது ஷிப்டுக்குப் போகிறவனுக்குக் கட்டிக் கொடுக்கும் சோறும், 2001-இல் செட்டில்மெண்ட் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற வீடுகளும், விடியற்காலை ரயிலும் ஒரே புத்தகத்தில் வர வேண்டும். இதை எழுதக்கூடியவர்கள் இங்கேயேதான் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், தமிழில் எழுத வராது. அவர்கள் கன்னடத்தில் எழுதினாலும் சரி, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயார். எழுதினால் போதும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். தங்கவயலில் இருப்பவர்களும், இங்கிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களும், உங்கள் தாத்தா பாட்டியின் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். சித்தார்த்தா புத்தகசாலை வெளியீடு, ‘தமிழன்’ இதழ், சங்க நோட்டீஸ், வேலைக் கார்டு, கைப்பட எழுதிய நோட்டு, எது இருந்தாலும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய அச்சுகளைப் பாதுகாக்கிறார்கள், மின்படியும் எடுக்கிறார்கள். எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.